உளுந்தில் களைக் கட்டுப்பாடு (விழுப்புரம் மாவட்டம்)

உளுந்தில் களைக் கட்டுப்பாடு என்பது உளுந்துப் பயிருடன் நீர், ஒளி, ஊட்டச்சத்து ஆகியவற்றுக்காகப் போட்டியிடும் செடிகளைப் பயிரின் இளம் பருவத்திலேயே அகற்றும் நடைமுறைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் தை, மாசி மாதங்களில் விதைக்கப்படும் உளுந்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் கிணற்று நீரையும் நம்பி வளர்கின்றது. இத்தகைய வறண்ட சூழலில் களைக்கொல்லியா, கைக்களையா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது விதைத்த மூன்றாம் நாளில் மேல்மண்ணில் உள்ள ஈரமே ஆகும்.

பகுதியும் பயிரும்

விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டு தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு இதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. நெல், கரும்பு, நிலக்கடலை, உளுந்து, எள் ஆகியவை இங்குள்ள முதன்மைப் பயிர்களுள் அடங்கும். திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. 'டி.எம்.வி. 2', 'டி.எம்.வி. 7' ஆகிய நிலக்கடலை இரகங்களின் பெயரில் உள்ள மூன்று எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. உளுந்து இரகங்களில் காணப்படும் 'வி.பி.என்.' என்பது புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தைக் குறிக்கும்.

நிலக்கடலை பழகிய பகுதி என்பது களை விடயத்தில் கவனிக்கத்தக்கது. நிலக்கடலையின் வயது 100 நாள்களுக்கு மேல். அதற்கு 20 நாள் அளவில் ஒரு களையும், 40 நாளையொட்டி மண் அணைப்புடன் மற்றொரு களையும் எடுப்பது வழக்கம். உளுந்தோ 65 முதல் 75 நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும். 30 முதல் 35 நாள்களில் பூக்கத் தொடங்கிவிடும். நிலக்கடலையின் நாள்கணக்கை உளுந்துக்கு அப்படியே பொருத்தினால், இரண்டாம் களை பூவையும் பிஞ்சையும் உதிர்க்கும் வேலையாகவே முடியும்.

களைப்போட்டிக் காலம்

உளுந்து முதல் மூன்று வாரங்கள் மெதுவாகவே வளரும். 30 செ.மீ. வரிசை இடைவெளியும் 10 செ.மீ. செடி இடைவெளியும் விட்டு விதைத்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 33 செடிகள் இருக்கும். இவற்றின் இலைகள் ஒன்றையொன்று தொட்டு நிலத்தை மூட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை திறந்து கிடக்கும் மண்ணில் களை முந்திக்கொள்ளும். எனவே விதைத்த 15ஆம் நாளுக்கும் 30ஆம் நாளுக்கும் இடைப்பட்ட காலம் மிக முக்கியமானது. அப்போது களையை விட்டுவிட்டால் விளைச்சலில் பாதியை, சில வேளைகளில் அதற்கும் மேல், இழக்க நேரிடும். நிலம் மூடிய பின்னர் தோன்றும் களைகளால் பெரிய இழப்பு இல்லை.

வறட்சியில் போட்டி முதன்மையாக நீருக்கானது. சாரணை, தொய்யக்கீரை, நாய்வேளை, அம்மான் பச்சரிசி, மத்தங்காய்ப் புல், கோரை, அருகு ஆகியவை இங்கு பரவலாகக் காணப்படும் களைகளாகும். இவற்றுள் கோரை தனி வகை. அது மண்ணுக்கடியில் சங்கிலியாகக் கோர்த்த கிழங்குகளிலிருந்து முளைப்பதால், விதை முளைப்பதைத் தடுக்கும் மருந்துகள் அதனைக் கட்டுப்படுத்துவதில்லை. களைகள் சில நோய்களுக்கும் இடமளிக்கின்றன. உளுந்தின் மஞ்சள் தேமல் நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கள், வயலிலும் வரப்பிலும் உள்ள களைகளில் தங்கிப் பெருகும்.

முளைக்குமுன் தெளித்தல்

உளுந்துக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் களைக்கொல்லி பெண்டிமெத்தலின் ஆகும். இது முளைக்கும் விதையின் வேர், தண்டு நுனிகளில் செல் பிரிவதைத் தடுக்கின்றது. ஏற்கனவே முளைத்துவிட்ட களையைக் கொல்வதில்லை. எக்டேருக்கு 0.75 முதல் 1 கிலோ வரை வினைப்பொருள் தேவை. 30 விழுக்காடு திரவமாயின் அது 2.5 முதல் 3.3 லிட்டர் ஆகும்; மானாவாரிக்குக் குறைந்த அளவும், பாசனப் பயிருக்குக் கூடிய அளவும் பொருந்தும். ஏக்கர்க் கணக்கில் பார்த்தால் 1 முதல் 1.3 லிட்டர் மருந்தை 200 லிட்டர் நீரில் கலக்கவேண்டும். அதாவது 10 லிட்டர் கைத்தெளிப்பானில் 20 தொட்டிகள், தொட்டிக்கு 50 முதல் 65 மி.லி. மருந்து. ஆள்கூலியை மிச்சப்படுத்த 200 லிட்டரை 80 லிட்டராகக் குறைப்பது இம்முறையைக் கெடுப்பதற்கு எளிய வழியாகும். மருந்து திட்டுத்திட்டாக விழும், இடைவெளிகளில் களை முளைக்கும்.

பெண்டிமெத்தலின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். மண்துகள்களில் இறுகப் பற்றிக்கொள்ளும். ஈரம் இருந்தால் மட்டுமே அதில் ஒரு பகுதி முளைவிதையைச் சென்றடையும். காய்ந்த மண்ணின் மேல் தங்கும் மருந்து வெயிலில் ஆவியாகியும் ஒளியால் சிதைந்தும் வீணாகும். மாசி மாத வெயிலில் திண்டிவனத்தின் செம்மண் நிலத்தில் மேல் இரண்டு விரற்கடை மண் விரைவில் உலர்ந்துவிடும். அடிமண்ணில் ஈரம் இருப்பதால் உளுந்து முளைத்துவிடும். ஆனால் மருந்து இருக்கும் அடுக்கில் ஈரம் இராது.

பாசன உளுந்துக்கு விதைத்தவுடன் ஒரு நீரும், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும் பாய்ச்சுவர். உயிர்த்தண்ணீர் வடிந்து, கால் புதையாமல் நடக்கக்கூடிய நிலையில், அன்றோ மறுநாளோ தெளிப்பது தகுந்தது. கிணற்றில் அந்த இரண்டாம் தண்ணீருக்கு வழியில்லை எனில் மருந்து வாங்காமல் இருப்பதே மேல். ஐயமிருப்பின் மேல்மண்ணைக் கைப்பிடியளவு எடுத்து அழுத்திப் பார்க்கலாம். உருண்டையாக நில்லாமல் உதிர்ந்தால் தெளிப்பதில் பயனில்லை. விதை ஏறத்தாழ 3 செ.மீ. ஆழத்தில் இருப்பதும் தேவை. மேலாக விழுந்த விதை மருந்தடுக்கிலேயே முளைத்துக் கருகும். தெளிப்பவர் பின்னோக்கி நடந்தால் மருந்தடுக்கு மிதிபடாது. இவ்வாறு தெளித்த வயலிலும் 25 முதல் 30 நாளில் ஒரு கைக்களை வேண்டியிருக்கும்.

கைக்களை

மருந்து தெளிக்காத வயலில் 15ஆம் நாளும் 30ஆம் நாளும் களையெடுக்க வேண்டும். வறண்ட பருவத்தில் களை கொத்துவதற்கு இரட்டைப் பயன் உண்டு. களை நீங்குவதோடு, கிளறிய மேல்மண் உலர்ந்து பொடியாகி ஒரு போர்வைபோல் கிடக்கும். அடியீரம் மேலேறி ஆவியாவது குறையும். வெட்டிய களையும் வெயிலில் காய்ந்துவிடுவதால், மழைக்காலத்தைப்போல மீண்டும் வேர்பிடிப்பதில்லை.

ஆட்கள் கிடைப்பதே இதில் உள்ள சிக்கலாகும். களையெடுப்பு பெரும்பாலும் பெண்களின் வேலையாக உள்ளது. ஓர் ஊரில் பலரும் ஒரே வாரத்தில் விதைப்பதால் ஒரே வாரத்தில் அனைவருக்கும் ஆள் தேவைப்படுகின்றது. 2006 பெப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கப்பட்ட முதற்கட்ட மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. ஆள் பற்றாக்குறைக்கு அத்திட்டத்தையே காரணமாகக் கூறுவோர் உண்டு. ஆயினும் பத்து நாள் காலத்துக்குள் எல்லா வயல்களும் ஆள் கேட்கும் நெருக்கடி அதனால் மட்டும் வந்ததன்று. வரிசை விதைப்பாக இருப்பின் சக்கரக் களைக்கருவியை ஒருவரே ஓட்டலாம். கைவிதைப்பு வயலில் அதற்கு வழியில்லை.

முளைத்தபின் தெளித்தல்

மூன்றாம் நாள் தவறிப்போய், ஆளும் கிடைக்காத நிலையில் இமாசெத்தபைர், குயிசலோபாப் ஈத்தைல் ஆகியவை எஞ்சியுள்ளன. இரண்டையும் எக்டேருக்கு 50 கிராம் வினைப்பொருள் என்ற அளவில், 15 முதல் 20 நாளுக்குள், களை இரண்டு மூன்று இலைகளுடன் இருக்கும்போது தெளிக்கவேண்டும். குயிசலோபாப் புல்வகைகளை மட்டுமே கொல்லும். சாரணையையோ கோரையையோ ஒன்றும் செய்யாது. இமாசெத்தபைர் அகன்ற இலைக் களைகளையும் கட்டுப்படுத்தும். பயறுவகைச் செடிகள் இம்மருந்தை விரைவில் சிதைத்துவிடுவதால் அவை தப்புகின்றன.

நீரின்றி வாடிய களைகளில் இவை எடுபடுவதில்லை. வாடிய இலையின் மேல்தோல் தடித்துவிடுவதால் மருந்து உட்செல்வது குறையும். செடிக்குள் அது பரவுவதும் மந்தமாகும். எனவே ஒரு தண்ணீர் பாய்ச்சி, களை தெளிந்த பின்னரே தெளிப்பது நல்லது. மேலும் இமாசெத்தபைரை மண்ணில் சிதைப்பவை பெரும்பாலும் நுண்ணுயிரிகள். அவற்றுக்கும் ஈரம் தேவை. வறண்ட மண்ணில் மருந்தின் எச்சம் நீடித்து, ஆடிப்பட்டத்தில் விதைக்கும் எள், கம்பு போன்ற பயிர்களைப் பாதிக்க வாய்ப்புண்டு. அடுத்து நிலக்கடலை விதைப்போருக்கு இவ்வச்சம் குறைவு.

நெல் தரிசு உளுந்து

சம்பா நெல் அறுவடைக்கு ஒரு வாரம் அளவில் முன்னதாக, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தூவும் முறையும் உண்டு. இதில் உழவும் இல்லை, வரிசையும் இல்லை. விதைத்த மூன்றாம் நாளில் நெல் இன்னும் வயலிலேயே நிற்பதால் முளைக்குமுன் தெளிப்பதற்கும் இடமில்லை. இங்கு முதன்மைக் களையாக வருவது நெற்தாளின் மறுதுளிர்ப்பும் புற்களுமே. ஆகவே குயிசலோபாப் பொருத்தமாக அமையும் இடம் இதுவேயாகும். தாள் துளிர்த்து இரண்டு மூன்று இலை விட்ட நிலையில், மண்ணில் சம்பாவின் ஈரம் எஞ்சியிருக்கும்போதே தெளிக்கவேண்டும்.