வெயில் கொளுத்துது... பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா?



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு பேச்சு வந்தது. "இந்த வெயில்ல பள்ளிக்கூடத்தைத் திறந்து வச்சிருக்காங்களே, லீவு விட்டா என்ன?" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் மகள் முந்தின நாள் சாயங்காலம் நடந்து வரும்போது தலை சுற்றி, வேலியோரம் உட்கார்ந்துவிட்டாளாம். பக்கத்தில் இருந்த இன்னொருத்தர், "லீவு விட்டா நான் எங்க கொண்டுபோய் விடுறது? நான் சூளைக்குப் போறவ. பிள்ளையும் என்கூட வந்து அந்த அனல்ல நிக்கணுமா?" என்றார். கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு போச்சு.

ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுவோம்.

பிள்ளைகளை வெயில் ஏன் அதிகம் தாக்குது?

நாமும்தான் வெயிலில் வேலை செய்கிறோம், பிள்ளைக்கு என்ன வந்தது என்று நினைக்கக் கூடாது. சின்ன உடம்பு சீக்கிரம் சூடாகும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு வியர்ப்பதும் குறைவு. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதும் அவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் குடி என்று யாராவது சொல்ல வேண்டும், நிழலுக்கு வா என்று யாராவது கூப்பிட வேண்டும்.

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும், அதோடு வெயில் போய்விடும் என்றும் நினைக்கிறோம். அப்படி இல்லை. 2003-ல் மே மாதக் கடைசியில்தான் சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது. தென்மேற்குப் பருவமழை கேரளாவை நனைக்கும்போது, நம் மாநிலத்தின் பல மாவட்டங்களில் ஜூன் மாதமும் மே மாதிரியேதான் காயும். பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த ஜூனில்தான்.

லீவு விட்ட அனுபவம்

2023-ல் ஜூன் 1-ஆம் தேதி திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலால் முதலில் ஜூன் 7-க்குத் தள்ளி வைத்தார்கள். அப்போதும் வெயில் தணியவில்லை. கடைசியில் 6 முதல் 12 வகுப்புகளுக்கு ஜூன் 12-லும், 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஜூன் 14-லும் திறந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் கூடுதலாக விட்டதைக் கவனியுங்கள். 2024-லும் பள்ளி திறப்பு ஜூன் 10-க்குத் தள்ளிப் போனது. 2025-ல் 1 முதல் 5 வகுப்பு ஆண்டுத் தேர்வை வெயிலுக்குப் பயந்து ஏப்ரலில் முன்கூட்டியே முடித்தார்கள்.

நமக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை இது. 2024 ஏப்ரலில் வங்கதேசம் நாடு முழுக்கப் பள்ளிகளை மூடியது. பிலிப்பைன்ஸ் நாட்டிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் வெப்ப அலையால் உலகத்தில் சுமார் 17 கோடி மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது என்று யுனிசெஃப் கணக்குச் சொல்கிறது.

ஆக, கடும் வெயிலில் லீவு விடுவது தப்பில்லை. ஆனால் லீவு விட்டதோடு பிள்ளை பத்திரமாகிவிட்டதா? அதைத்தான் நாம் யோசிக்கணும்.

வீடு குளுமையா இருக்கா?

நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் மேலே தகரம் அல்லது சிமெண்ட் ஷீட். மத்தியானம் உள்ளே உட்கார முடியுமா? அம்மா வேலைக்குப் போன பிறகு பிள்ளை அந்த வீட்டுக்குள் இருக்குமா? தெருவுக்கு வரும். நாலு பேர் சேர்ந்தால் கிணறு, ஏரி, கல்குவாரிக் குட்டை என்று கிளம்பிவிடும். கோடை லீவில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிப் போன செய்தி இல்லாத வருஷம் உண்டா? வெயிலுக்குப் பயந்து விட்ட லீவு தண்ணீரில் போய் முடியக் கூடாது.

அடுத்தது சாப்பாடு. பள்ளி நடக்கும் நாளில்தான் சத்துணவு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்தது. இப்போது 1 முதல் 5 வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளியிலேயே இரண்டு வேளை வயிறு நிறைகிறது. லீவு விட்டால் அந்த இரண்டு வேளையும் நம் அடுப்பில்தான். விடியற்காலையில் வேலைக்குப் போகும் அம்மா என்ன செய்வார்? வெறும் வயிற்றோடு வெயிலில் சுற்றும் பிள்ளைக்கு மயக்கம் சீக்கிரம் வரும்.

அதனால் "பள்ளி உண்டா, லீவா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "காலை 11 மணியிலிருந்து சாயங்காலம் 4 மணி வரை என் பிள்ளை எந்த நிழலில் இருக்கும்? தண்ணியும் சோறும் யார் கொடுப்பாங்க? யார் பார்த்துக்குவாங்க?" இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெண் பிள்ளைகள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேரளாவில் 2019-ல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்றே மணி அடிக்க ஆரம்பித்தார்கள். நம் மாநிலத்திலும் 2025-ல் பள்ளிக் கல்வித்துறை இதைச் செய்யச் சொன்னது. காலை 11, மதியம் 1, மாலை 3 மணி என மூன்று முறை. ரொம்ப நல்ல காரியம்.

ஆனால் உங்கள் மகளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். "மணி அடிச்சா குடிப்பேம்மா, கொஞ்சமா" என்பாள். ஏன் கொஞ்சமாக? கழிப்பறை சுத்தமில்லை, தாழ்ப்பாள் இல்லை, உள்ளே தண்ணீர் வரவில்லை. நிறையக் குடித்தால் போக வேண்டி வருமே என்று தொண்டையை மட்டும் நனைத்துக் கொள்கிறாள். இப்படி அடக்கி வைத்தால் சிறுநீர் கடுப்பு வரும், நீர்த்தாரையில் கிருமி சேரும். வெயிலில் முதலில் சுருண்டு விழுவதும் இந்தப் பிள்ளைதான். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவதும் வெயிலுக்குப் பாதுகாப்புதான். இதை நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்?

பள்ளியில் என்ன கேட்கலாம்?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். அதாவது நாம்தான். அங்கே போய்க் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல் இவற்றைக் கேளுங்கள்:

1. காலை இறைவணக்கக் கூட்டத்தை நிழலிலோ வகுப்பிலோ சுருக்கமாக நடத்த வேண்டும். விளையாட்டுப் பீரியட் மத்தியான வெயிலில் வேண்டாம்.

2. குடிநீர்த் தொட்டியைக் கழுவி, குழாயைச் சரி செய்ய வேண்டும். குழாய் வைத்த மண்பானை இரண்டு வாங்கி வைக்கலாம். இதற்குக் கூட்டமைப்பு நிதியில் தீர்மானம் போட முடியும்.

3. ஓடாத மின்விசிறியைப் பள்ளி திறக்கும் முன்பே பழுது பார்க்க வேண்டும்.

4. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வகுப்பறையில் சூடு குறையும். செலவும் அதிகமில்லை.

5. வேம்பு, புங்கை கன்றுகளை மழைக்காலத்தில் நட்டு, கோடையில் தண்ணீர் ஊற்ற முறை வைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். குளுமையாக இருக்கும் என்று பள்ளியில் கீற்றுக் கொட்டகை போடச் சொல்ல வேண்டாம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனதை நாம் மறக்க முடியாது.

பள்ளியில் காசு இல்லை என்றால் கிராம சபை இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் மே 1-லும் கிராம சபை கூடும். கோடைக்கு முன்பே கேட்கச் சரியான நேரம் மார்ச் கூட்டம்தான். தண்ணீர், கழிப்பறை, மின்விசிறி மூன்றையும் எழுதிக் கொடுத்து, தீர்மான நோட்டில் ஏறிவிட்டதா என்று படித்துப் பார்த்த பிறகு எழுந்து வாருங்கள். 2024 அக்டோபரில் வெப்ப அலையைத் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெள்ளம், புயல் மாதிரி வெயிலும் பேரிடர்தான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அனுப்பலாமா, வேண்டாமா?

வழக்கமான வெயில் நாளா? அனுப்புங்கள். பருத்தித் துணி, காலில் செருப்பு, தலைக்குத் தொப்பி அல்லது துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். காலையில் நீராகாரமோ மோரோ கொடுங்கள். திரும்பி வரும்போது நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து, நிழல் உள்ள வழியாக வரட்டும்.

பிள்ளைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தியா? லீவு இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டாம். ஒரு நாள் பாடத்தை அப்புறம் படித்துக் கொள்ளலாம்.

வெயிலுக்காக லீவு அறிவித்துவிட்டார்களா? அனுப்ப வேண்டாம். அன்றைக்குச் சிறப்பு வகுப்பு என்று எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் சரி. ஆனால் பிள்ளையைத் தனியாகவும் விட வேண்டாம். இங்கேதான் நம் குழு வேலை செய்ய வேண்டும். ஆறு அம்மாக்கள் சேர்ந்து கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒருத்தர் வேலைக்குப் போகாமல், குழுக் கட்டடத்திலோ மரத்தடியிலோ பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளட்டும். அவர் இழந்த கூலியை மற்ற ஐந்து பேரும் பங்கு போட்டுக் கொடுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி போட்டால் ஒரு பானை கஞ்சி ஆச்சு. சேமிப்பில் சேர்ந்த நமக்கு இதில் சேர முடியாதா?

மயக்கம் வந்தால்

தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, கால் பிடிப்பு இவை முதல் அறிகுறி. உடனே நிழலில் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடக் குறைய வேண்டாம்.

உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத் தாக்கு. உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்கு போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக் கொண்டே இருங்கள். நினைவில்லாத பிள்ளை வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இரண்டே இரண்டு விஷயம் பேசுங்கள். நம் ஊர்ப் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? நாளைக்கே லீவு விட்டால் நம் பிள்ளைகளை யார் பார்த்துக் கொள்வது? இரண்டுக்கும் பதில் எழுதி வைத்துவிட்டால் எந்த வெயிலையும் சமாளிக்கலாம்.