அண்டை நாட்டு உறவும் நம் வயல் விலையும்!

திண்டுக்கல் சந்தையில் சின்ன வெங்காயம் என்ன விலைக்குப் போகும் என்பதில் கொழும்புக்கும் பங்கு உண்டு. டெல்டாவில் விளையும் உளுந்தின் விலையில் மியான்மருக்குப் பங்கு உண்டு. கொல்லிமலை மிளகின் விலையை இலங்கையிலிருந்து வரும் மிளகு அசைத்துப் பார்க்கும். அண்டை நாட்டு உறவு என்பது ஏதோ டெல்லியில் பேசி முடிக்கும் விஷயம் என்று விவசாயிகள் ஒதுங்கிவிட முடியாது. மூன்று பயிர்களின் கதையைப் பார்த்தாலே இது புரியும்.

வெங்காயம்: மூடிய கதவின் விலை

2019 செப்டம்பர் கடைசியில், உள்நாட்டில் விலை ஏறியதால் வெங்காய ஏற்றுமதிக்கு மத்திய அரசு திடீரென்று தடை போட்டது. இந்திய வெங்காயத்தை நம்பியிருந்த வங்கதேசம் திண்டாடிப்போனது. அடுத்த சில நாட்களில் டெல்லிக்கு வந்த அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயம் இல்லாமல் சமைக்கும்படி தன் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாகச் சிரித்தபடியே குறிப்பிட்டார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்போம் என்பதுதான் அவருடைய வருத்தம். அந்த நவம்பரில் அங்கே கிலோ 250 டாக்கா வரை விலை போனது. துருக்கி, எகிப்து, பாகிஸ்தான் நாடுகளிலிருந்து வெங்காயம் வரவழைக்கப்பட்டது, விமானத்தில்கூட இறங்கியது.

2020 செப்டம்பரில் மறுபடியும் தடை. 2023 ஆகஸ்ட்டில் 40 சதவிகித ஏற்றுமதி வரி. டிசம்பரில் முழுத் தடை. இடையில் வங்கதேசம், இலங்கை, பூடான், மொரீசியஸ், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய ஆறு நாடுகளுக்கு மட்டும் 99,150 டன் அனுப்ப அனுமதி கிடைத்தது. அரசுகளுக்கு இடையே பேச்சு இருந்ததால்தான் அந்தச் சின்னக் கதவாவது திறந்தது. 2024 மே மாதம் தடை நீங்கினாலும், ஏற்றுமதி வரி முழுமையாகப் போனது 2025 ஏப்ரலில்தான்.

ஒருமுறை வேறு கடைக்குப் பழகிய வாடிக்கையாளர், நம் கடை திறந்த அன்றே திரும்பி வந்துவிட மாட்டார். நஷ்டம் வியாபாரிக்கு மட்டும் இல்லை. அறுவடை நேரத்தில் ஏற்றுமதி நின்றால், போக வேண்டிய சரக்கு முழுக்க உள்ளூர்ச் சந்தையில் குவிந்து விலை விழுகிறது. பெரிய வெங்காயத்தை மனதில் வைத்துப் போடும் கட்டுப்பாடுகளில் சின்ன வெங்காயமும் சிக்கிக்கொள்கிறது, அதற்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று தமிழக விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது இதனால்தான்.

உளுந்து: இரண்டு டெல்டாக்களின் அறுவடை

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடையை ஒட்டித் தை மாதத்தில் நெல் தரிசில் உளுந்து விதைப்பதுபோல, மியான்மரின் ஐராவதி டெல்டாவிலும் நெல்லுக்குப் பிறகு உளுந்து போடுகிறார்கள். அங்கே விளைவதில் பெரும்பங்கு இந்தியாவுக்குத்தான் வருகிறது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கின் விலையைப் பார்த்துத்தான் வியாபாரிகள் நம்மூர் உளுந்துக்கும் விலை பேசுகிறார்கள்.

2016-17ல் நாடு முழுவதும் பருப்பு வகைகள் அமோகமாக விளைந்து விலை சரிந்தது. 2017 ஆகஸ்ட்டில் உளுந்து, துவரை இறக்குமதிக்கு மத்திய அரசு அளவுக் கட்டுப்பாடு விதித்தது. நம்மை நம்பி விதைத்த மியான்மர் விவசாயிகள் அப்போது கடுமையாக அடிபட்டார்கள். பிறகு இங்கே பற்றாக்குறை வந்ததும் 2021ல் கட்டுப்பாடு தளர்ந்தது. அதே ஆண்டு, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வர்த்தகம் மூலம் வாங்க, 5 ஆண்டுகளுக்கு மியான்மருடன் ஒப்பந்தம் ஆனது. 2024 ஜனவரியில், டாலர் இல்லாமல் ரூபாய், கியாட் நாணயங்களிலேயே பணம் செலுத்தும் வசதியும் வந்தது.

இதில் நமக்கு நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இட்லிக்கு உளுந்து தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. ஆனால், இரண்டு டெல்டாக்களின் அறுவடையும் அடுத்தடுத்து வருவதால், நம் களத்தில் உளுந்து காயும் நேரத்தில் கப்பலும் வந்து நின்றால் விலை இறங்கும். 2024-25 பருவத்துக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய். 2025-26க்கு 7,800 ரூபாய். கொள்முதல் ஒழுங்காக நடந்தால்தான் இந்த விலை கைக்கு வரும்.

மிளகு: ஒப்பந்தத்தின் ஓட்டை

இந்தியா - இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியில்லாமல் வரலாம். இலங்கையில் விளைந்தது என்ற சான்று அதற்குத் தேவை. ஆனால், வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சுற்றி வருகிறது என்று இங்குள்ள மிளகு விவசாயிகள் தொடர்ந்து புகார் செய்தார்கள். 2017 டிசம்பரில் குறைந்தபட்ச இறக்குமதி விலை கிலோவுக்கு 500 ரூபாய் என்று மத்திய அரசு நிர்ணயித்தது.

எதிர்ப்பக்கத்திலும் இதே கவலை இருக்கிறது. இந்திய வெங்காயம் அறுவடை நேரத்தில் இறங்கினால், சின்ன வெங்காயம் பயிரிடும் யாழ்ப்பாணத்து விவசாயிக்கு விலை கிடைக்காது. கடலுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் சிறு விவசாயிகள்தான்.

இரு பக்கத்துக்கும் வேண்டியது ஒன்றுதான்: விதைக்கும்போது இருந்த விதி அறுவடை வரைக்கும் நிற்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரு நாடுகளும் இணக்கமாகப் பேசிக்கொள்ளும்போதுதான் இதற்கு வழி பிறக்கும்.

விவசாயிகள் கவனிக்க!

* ஏற்றுமதித் தடை, இறக்குமதி அளவு பற்றிய ஆணைகளை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதைக் கவனித்து உறுப்பினர்களுக்குச் சொல்லலாம்.

* ஏற்றுமதி விலையை எதிர்பார்த்து வெங்காயம் முழுவதையும் பட்டறையில் போட்டு வைக்க வேண்டாம். ஒரு பகுதியை அறுவடையிலேயே விற்றுவிட்டால், திடீர்த் தடை வந்தாலும் முதலுக்கு மோசம் வராது.

* உளுந்து விதைத்தவர்கள் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல்களைத் தயாராக வைத்துக்கொண்டு, அறுவடைக்கு முன்பே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொள்முதல் பற்றி விசாரிப்பது நல்லது.

* மிளகைத் தரம் பிரித்து, நன்கு காயவைத்து, தோட்டத்தின் பெயரோடு விற்றால், கலப்பட மிளகோடு போட்டியிட வேண்டிய நிலை குறையும்.