நாடா தொங்கும் சூப்பர்மேன்

ஷின்சானின் கண்கண்ட தெய்வம் ஆக்‌ஷன் கமென். 1992இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி, 2006இல் இந்தியாவுக்கு வந்து, தமிழும் பேசப் பழகிய கார்ட்டூன் ‘ஷின்சான்’. முகமூடி மாட்டி, இடுப்பில் கைவைத்துச் சிரிக்கும் ஆக்‌ஷன் கமென், அல்ட்ராமேன் வகை நாயகர்களின் பகடி. கதைக்குள்ளேயே அவர் வேஷம் கட்டும் ஒரு நடிகர்தான். அது தெரிந்த பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ஐந்து வயது ஷின்சான் கும்பிடுகிறான். இரண்டுக்கும் ஒரே காட்சியில் இடம் இருப்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். எங்கள் வேலூர் பக்கத்து அமிர்தி வனவிலங்குப் பூங்காவுக்கு வருகிற வாண்டுகள் மான் கூண்டுக்கு முன்னால் நின்று அதே சிரிப்பைச் சிரித்துக் காட்டுகிறார்கள்.

நம் நாட்டில் இப்படியொரு பகடி நாயகனை விசைத்தறிக்காரர்கள் உருவாக்கினார்கள். மகாராஷ்டிரத்தின் மாலேகாவ், தறிச் சத்தத்திலேயே விடிந்து தறிச் சத்தத்திலேயே அடங்குகிற ஊர். அங்கே வீடியோ பார்லர் வைத்திருந்த நாசிர் ஷேக், முதலில் ‘ஷோலே’யை உள்ளூர் ஆட்களை வைத்துப் பகடியாக எடுத்தார். பிறகு கைவைத்தது சூப்பர்மேனில்! நாயகன் ஷஃபீக், தறி ஓட்டுகிற தொழிலாளி. ஒல்லிக்குச்சி உடம்பு. அரைக்கால் சட்டையின் நாடா முன்னால் தொங்குகிறது. பறக்கிற காட்சிக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டினார்கள். கிரேனுக்கு மாட்டு வண்டி, டிராலிக்கு சைக்கிள். நடுவில் கேமரா தண்ணீருக்குள் விழுந்தது. அதைத் தேற்றி எடுத்துப் படப்பிடிப்பைத் தொடர்ந்தார்கள்.

இத்தனையையும் கூடவே இருந்து ஃபைஸா அகமது கான் ஆவணப்படமாக எடுத்தார். ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்’ 2008இல் உருவாகி, 2012இல்தான் திரையரங்குக்கு வந்தது. அதைப் பார்க்கும்போது முதலில் சிரிப்பு வருகிறது. போகப்போக அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிடுகிறது. சூப்பர்மேனின் ஊரான மெட்ரோபோலிஸைக் காப்பாற்ற யாராவது வருவார்கள், மாலேகாவுக்கு யார் வருவார்? அவர்களே ஒருவரை அனுப்பி வைத்தார்கள். அவர்களுடைய வில்லனுக்குப் பிரியமானது அசுத்தம், ஊர் முழுக்க எச்சில் துப்பிக் கிடக்க வேண்டும் அவனுக்கு. படத்தில் அவனை எதிர்த்த ஷஃபீக், பிற்பாடு வாய்ப்புற்றுநோயில் இறந்துபோனார். 2024இல் ரீமா காக்தி இவர்கள் கதையையே ‘சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகாவ்’ என்ற படமாக்கினார்.

மாலேகாவுக்குத் தறி என்றால் எங்கள் பக்கத்துக்குத் தோல். வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தப் பட்டைக்கும் ஒரு வீரன் வேண்டும் என்று மனப்பூர்வமாக ஆசைப்படுகிறேன். வில்லனைத் தேடி அலைய வேண்டாம். டிரம்மில் தோலைப் புரட்டிய குரோமியத் தண்ணீர் பாலாற்றுப் பக்கம் போனதன் விளைவு நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது: வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட கணக்குப்படி, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாக வேர்விட்ட வழக்குகளில் அதுவும் ஒன்று. அதே தோல்தான் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிய வைக்கிறது என்பதால், ஒரே குத்தில் வில்லனைச் சாய்க்கும் கதை இங்கே செல்லாது.

ஆகவே எங்கள் நாயகி ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ தைக்கிற ஒரு அக்கா. விடிகாலையில் சாப்பாட்டுக் கூடையோடு கம்பெனி பஸ் ஏறுகிறவர். லீவு நாளில் அமிர்தி மலைமேலிருந்து துப்பட்டாவை விரித்துப் பறக்கிறார். ஆம்பூர் நெருங்க நெருங்க வாடையில் சக்தி குறைந்து, பாலாற்று மணலில் தொப்பென்று விழுகிறார். அங்கே கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன விவசாயி ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, “வாம்மா, உட்காரு, பேசலாம்” என்கிறார். இருபது நிமிட கார்ட்டூனுக்கு இந்தப் பேச்சு போதும். நம் பள்ளிகளில் வரையத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்காவின் முகத்தை அவர்களே வரைய வேண்டும், அவரவர் அம்மாவைப் பார்த்து.