செம்பருத்தியில் மாவுப்பூச்சி: உயிரியல் கட்டுப்பாடும் வீட்டுத் தோட்டமும்

முன்னுரை

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை முதலான தென்சென்னைப் புறநகர்களில் பூசைக்கும் அழகுக்கும் வளர்க்கப்படும் செம்பருத்தி, மாவுப்பூச்சிக்கு எளிதில் இலக்காகும் செடியாகும். அதனைத் தாக்கும் இனங்களுள் ஒன்றான பப்பாளி மாவுப்பூச்சியைத் தமிழகம் எதிர்கொண்ட முறை, வீட்டுத் தோட்டத்திற்கும் வழிகாட்டுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

பரவலும் தீர்வும்

மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பதிவு செய்யப்பெற்றது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. உடலையும் முட்டைப்பையையும் மூடிய மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுத்தமையால் பூச்சிக்கொல்லிகள் போதிய பயன் தரவில்லை. 2010-இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் முக்கியத்துவப் பூச்சிகள் பணியகம், அசிரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தது. இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு அதனை உள்ளிருந்தே தின்றழிக்கும். குளவிகள் வயல்களில் விடப்பட்டபின் தாக்குதல் வெகுவாகத் தணிந்தது.

தோட்டத்தில் செய்யத்தக்கன

கடும் நஞ்சு தெளிப்பின் மெழுகுக்குள் இருக்கும் பூச்சி பிழைக்க, வெளியே திரியும் குளவி மடிகிறது. எனவே,

1. மிகுதியாகத் தாக்குண்ட நுனிகளை வெட்டி அகற்றுதல்;
2. இனிய கழிவுநீரை நாடி வந்து மாவுப்பூச்சிக்குக் காவலாகும் எறும்புகளைத் தடுத்தல்;
3. நீரைப் பீய்ச்சியடித்துக் கழுவுதல்;
4. தேவையாயின் சோப்பு கலந்த 5 விழுக்காடு வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளித்தல்

ஆகியவை ஏற்றவை. உடல் தடித்து உருண்டு அசைவற்றிருக்கும் மாவுப்பூச்சிக்குள் குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம். அவற்றை விட்டுவைத்தல் நன்று.

முடிவுரை

பூச்சியை அழிக்கும் முயற்சி அதன் பகைவனையும் அழிப்பின், அடுத்த தாக்குதலுக்கு நாமே வழியமைத்தவராவோம்.