மறைந்து கிடக்கும் கம்பியைத் தேடும் கருவி

சுவிற்சர்லாந்தில் நாம் வாடகைக்குக் குடியிருக்கும் பழைய மாடிவீடுகளில் சுவரோரமாக ஓடும் கம்பிகளுக்குக் கணக்கில்லை. முன்பு குடியிருந்தோர் விட்டுச் சென்ற அன்ரனாக் கம்பி, தொலைபேசிக் கம்பி, ஒலிபெருக்கிக் கம்பி, கணினி வலைக்கம்பி யாவும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒரு துளையினுள் நுழைந்து, அடுத்த அறையில் வேறொரு துளையால் வெளிவருகின்றன. எது எங்கே செல்கின்றது என்றறிய ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பதே எம்மவரின் வழமை. இழுத்த இழுவையில் நல்ல கம்பி அறுந்து போன வீடுகளும் உண்டு. இழுக்காமலும் சுவரை உடைக்காமலும் கம்பியின் வழியை அறிய உதவும் எளிய இலத்திரனியற் கருவியொன்றைச் செய்யும் முறையை இங்கு விளக்க விழைகின்றோம். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுதில் இதனைச் செய்து முடிக்கலாம்.

தொலைபேசித் தொழிலாளர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. கம்பியின் ஒரு நுனியில் ஒலிக்குறிப்பு ஒன்றை அனுப்புவர்; மறுபுறத்தில் அந்தக் குறிப்பு எந்தக் கம்பியருகே கேட்கின்றதெனத் தேடுவர். ஆகவே எமக்கு வேண்டியன இரண்டு: அனுப்பி ஒன்று, கேட்பி ஒன்று. அனுப்பியை நாமே செய்வோம். கேட்பியாக மத்திய அலை எடுக்கும் சிறிய வானொலிப்பெட்டியே போதுமானது.

அனுப்பியின் இதயம் 555 என்னும் எட்டுக்கால் சில்லு. இதனை 1971இல் வடிவமைத்தவர் ஹான்ஸ் கமென்சிண்ட். 1934இல் சூரிச் நகரில் பிறந்து, 1960இல் அமெரிக்கா சென்றவர். 1972இல் விற்பனைக்கு வந்த இச்சில்லு இன்றும் கோடிக்கணக்கில் செய்யப்படுகின்றது. விலையோ ஒரு கோப்பிக் காசிலும் குறைவு. இந்நாட்டில் வளரும் எமது பிள்ளைகள் தம் கையிலுள்ள சில்லின் பின்னால் சூரிச்சில் பிறந்த ஒருவர் இருக்கின்றார் என்பதை அறிந்திருத்தல் நன்று.

சில்லின் ஒரு விளிம்பில் சிறு வெட்டு இருக்கும். வெட்டு மேலே இருக்குமாறு வைத்தால், இடப்பக்க மேற்கால் 1. இடப்புறம் கீழ்நோக்கி 4 வரை எண்ணி, வலப்புறம் கீழிருந்து மேலாக 5 முதல் 8 வரை எண்ணுக. பற்றாசு பிடிக்கத் தேவையில்லாத துளைப்பலகையில் சில்லைச் சொருகி, 9 வோல்ற்று மின்கலத்தின் நேர்முனையை ஓர் அழுத்தாளி ஊடாக 8ஆம் காலுக்கும், எதிர்முனையை 1ஆம் காலுக்கும் தொடுக்குக. 4ஆம் கால் 8ஆம் காலோடும், 2ஆம் கால் 6ஆம் காலோடும் இணைய வேண்டும். 8க்கும் 7க்கும் இடையே 10 கிலோ ஓம் தடையி. அதன் வளையங்கள் கபிலம், கறுப்பு, செம்மஞ்சள். 7க்கும் 6க்கும் இடையே 68 கிலோ ஓம் தடையி; நீலம், சாம்பல், செம்மஞ்சள். 2க்கும் 1க்கும் இடையே 0.01 மைக்ரோ பரட் கொள்ளளவி. 5க்கும் 1க்கும் இடையே அதே அளவில் இன்னொன்று. 3ஆம் கால்தான் வெளியீடு. அதிலிருந்து 1 கிலோ ஓம் தடையி, தொடர்ந்து 0.1 மைக்ரோ பரட் கொள்ளளவி, அதன் நுனியில் சிவப்பு முதலைக் கவ்வி. கறுப்புக் கவ்வி 1ஆம் காலிலிருந்து வரும்.

இது எவ்வாறு இயங்குகின்றது? தோட்டத்து நீர்த்தொட்டியில் மேற்கோடும் கீழ்க்கோடும் கீறியிருப்பதாக எண்ணுங்கள். நீர் மேற்கோட்டைத் தொட்டதும் மடை திறக்கும். கீழ்க்கோட்டிற்கு இறங்கியதும் மடை மூடும். 2ஆம் காலிலுள்ள கொள்ளளவியே அத்தொட்டி. அது 6 வோல்ற்று வரை நிரம்பும், 3 வோல்ற்று வரை வடியும், மீண்டும் நிரம்பும். மடை திறந்து மூடுந்தோறும் 3ஆம் காலின் அழுத்தம் இறங்கி ஏறும். இவ்வாறு ஒரு செக்கனில் எத்தனை தடவை? முதல் தடையியோடு இரண்டாம் தடையியின் இருமடங்கைக் கூட்டி, கொள்ளளவத்தால் பெருக்கி, அப்பெருக்கத்தால் 1.44ஐ வகுக்க வேண்டும். எமது பெறுமானங்களுக்கு ஏறத்தாழ 986 கிடைக்கும்; அதாவது ஏறக்குறைய ஆயிரம் ஹேர்ட்ஸ்.

இவ்வெண்ணை ஈழத்து நூல்களில் நாம் மீடிறன் என்று கற்றோம். தமிழகத்தார் அதிர்வெண் என்பர். பிள்ளைகளுக்கோ ஜேர்மன் மொழிச் சொல் மட்டுமே தெரியும். விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்ற பெற்றோர் பலர், பிள்ளையின் பௌதிகப் பாடப்புத்தகத்தைக் கண்டதும் தமக்கு ஒன்றும் தெரியாதென ஒதுங்கிவிடுகின்றனர். தெரியாதது பாடமன்று, அதன் பெயர் மட்டுமே. மேசையில் சில்லையும் தடையியையும் வைத்துக்கொண்டு, பெற்றோர் தமிழ்ப்பெயர் சொல்லப் பிள்ளை ஜேர்மன் பெயர் சொன்னால், அரை மணி நேரத்தில் இருவருமே மறுமொழியின் பத்துச் சொற்களைக் கற்றுவிடுவர்.

கேட்பிக்கு வருவோம். 3ஆம் காலின் அழுத்தம் சடுதியாகத் துள்ளுவதால், ஆயிரம் ஹேர்ட்சோடு அதன் மடங்குகளான எண்ணற்ற மேற்றொனிகளும் பிறக்கின்றன. அவற்றுள் மிகச் சிறிய பங்கு மத்திய அலை வரிசையிலும் விழும். அது கம்பியிலிருந்து கசிவதைத்தான் வானொலி ஓர் இரைச்சலாக எமக்குத் தருகின்றது. நிலையம் எதுவும் பேசாத இடத்தில் வானொலியை வைத்தல் வேண்டும். இப்போது அது எளிது: 1931இல் தொடங்கிய பெரோமுன்ஸ்ரர் மத்திய அலை ஒலிபரப்பு 2008 டிசெம்பரில் நிறுத்தப்பட்டது, அயல்நாட்டு நிலையங்கள் பலவும் ஓய்ந்துவிட்டன. பழைய வானொலிப்பெட்டி உள்ளோர் அதனை எறிந்துவிட வேண்டாம். 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று, உலர்மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பின், துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர்கள் நாம். சிறுவரான எமக்குச் சில்லைச் சுற்றும் வேலை. சுற்றுவது தளர்ந்தால் செய்தியும் தேயும். இலத்திரனியலில் எமக்குக் கிடைத்த முதற்பாடம் அதுவே. இக்கருவி சில மில்லி அம்பியர் மின்னோட்டத்தையே எடுக்கும். ஆயினும் அழுத்தாளியை விட்டதும் மின்கலம் ஓயுமாறு அமைத்திருப்பது அந்தப் பழக்கத்தினாலேதான்.

பயன்படுத்து முன் ஒரு கண்டிப்பான சொல். 230 வோல்ற்று ஓடும் வீட்டு மின்கம்பி எதிலும் இதனைத் தொடுக்கலாகாது. மின்குமிழ்க் கம்பியிலும் ஆகாது, ஆளி அணைந்திருப்பினும் ஆகாது. அவ்வேலைக்கு உரிமம் பெற்ற மின்வினைஞரை அழைத்தல் வேண்டும். நாம் தேடுவன இருபுறமும் கழற்றப்பட்ட அன்ரனா, ஒலிபெருக்கி, மணி, வலைக்கம்பிகள் மட்டுமே. பிள்ளை தனியே கவ்வி மாட்டுதல் கூடாது. எது எந்தக் கம்பியென மூத்தவர் ஒருவர் முதலில் உறுதி செய்தல் வேண்டும்.

சிவப்புக் கவ்வியைத் தேடும் கம்பியிலும், கறுப்புக் கவ்வியை வெப்பமூட்டியின் உலோகக் குழாயில் பூச்சில்லாத இடத்திலும் மாட்டுக. ஒருவர் அழுத்தாளியை விட்டு விட்டு அழுத்த, மற்றவர் வானொலியோடு நடக்க வேண்டும். விட்டு விட்டு அழுத்துவதற்குக் காரணமுண்டு: கைத்தொலைபேசி மின்னேற்றிகளும் புதுவகை விளக்குகளும் இடைவிடாது இரையும், எமது இரைச்சல் மட்டுமே விரலுக்கு இசைந்து நின்று நின்று வரும்.

அன்ரனாக் கம்பியின் நடுநரம்பிற் கவ்வியை மாட்டினால் வெளியே ஏதும் கேளாது. சுற்றியுள்ள வலை அதனை மூடிவிடும். வலையிலேயே மாட்டுக. கணினி வலைக்கம்பியில் இழைகள் சோடி சோடியாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரே சோடியின் இரு இழைகளிலும் இரு கவ்விகளை மாட்டினால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். ஓர் இழைக்குச் சிவப்பு, குழாய்க்குக் கறுப்பு என்பதே சரி. இரும்புக் குழாயினுள் ஓடும் கம்பியை இக்கருவி காட்டாது.

அருகருகே பல கம்பிகள் இருப்பின் எல்லாமே இரைவது போலத் தோன்றும். வலுத்த ஒலியை வானொலி தானாகவே தணித்துச் சமன்செய்வதால், மிக அருகே பிடித்தால் வேறுபாடு தெரியாது. சற்று விலகி, ஒலி மெலிந்து கேட்கும் தூரத்தில் பிடித்து, பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளேயுள்ள பெரைற்றுக் கோல் கம்பிக்குக் குறுக்காக நிற்கும்போது ஒலி கூடும். கம்பியின் திசையில் நிற்கும்போது குறையும். இவ்விரண்டையும் ஒப்பிட்டே கம்பியின் போக்கைச் சுவரில் பென்சிலாற் குறித்துச் செல்லலாம்.

கண்டுபிடித்த கம்பியின் இரு நுனிகளிலும் உடனே ஒரே இலக்கமிட்ட சீட்டை ஒட்டிவிடுங்கள். எந்த அறைக்குச் செல்கின்றது என்பதைப் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்: மேலே தமிழில், அடுத்துக் குடிவருபவருக்காகக் கீழே ஜேர்மன் மொழியில்.